துண்டுக்குள் வாங்கிய சென்டர் ஃபார்வர்டு

கணபதி பகுதியில் என் பட்டறை இருந்த சந்துக்குள் டெம்போ நுழையாது. அதனால் லேத்தை வாங்கிய அன்று சந்து முனையில் இறக்கி, உருட்டுக் குழாய்களின் மேல் ஏற்றி, தள்ளித் தள்ளித்தான் உள்ளே கொண்டுவந்தோம். அடிப்பாகமான பெட் மட்டும் ஆறடி, வடக்கே எங்கோ செய்தது, எனக்கு முன்பே இரண்டு பேரிடம் வாழ்ந்து சலித்தது. கடைசித் தவணையைக் கட்டிவிட்டு வந்த சாயங்காலம் என் மனைவி அதற்குப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்தாள். எங்கள் கல்யாணத்தில்கூட அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

பம்புசெட்டுக்கு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் அதில் கடைந்து கொடுப்பது என் தொழில். மிச்ச நேரத்தில் நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகங்களைப் படிப்பேன். அதற்கும் மிச்சமான நேரத்தில் எங்கள் பகுதி கால்பந்து கிளப்புக்குப் பொருளாளர். மாவட்ட லீக்கில் இரண்டாவது டிவிஷன். ஃபவுண்டரியில் மோல்டிங் போடுகிறவர்கள், ஃபிட்டர்கள், ஓர் ஆட்டோ டிரைவர், இவர்கள்தான் டீம். கோல் கீப்பர் என் மனைவியின் தம்பி. வருஷா வருஷம் பட்டியலின் நடுவில் எங்காவது பத்திரமாக உட்கார்ந்திருப்போம். கீழே போகிற பயமும் இல்லை, மேலே போகிற ஆசையும் இல்லை. இப்போது யோசித்தால், ஒரு மனிதன் இருக்க வேண்டிய இடம் அதுதான் என்று தோன்றுகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், யார் செய்த பாவமோ, தொடர்ந்து ஜெயிக்க ஆரம்பித்தோம். முதல் நான்கு ஆட்டம் முடிந்தபோது பட்டியலில் எங்கள் கிளப் மேலே இருந்தது. பாக்கி ஐந்து ஆட்டம். முதலில் வருகிற டீமுக்கு முதல் டிவிஷன்.

எங்கள் கிளப் தலைவருக்குத் தென்னந்தோப்பு, மாட்டுத் தொழுவம், நல்ல மனசு மூன்றும் இருந்தன. கையில் ரொக்கம் மட்டும் எப்போதும் இருக்காது. எல்லாம் எங்காவது காய்த்துக்கொண்டோ கன்று போட்டுக்கொண்டோ இருக்கும். அவர் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு பம்பு கம்பெனி முதலாளிக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கிறார். "எங்க கிளப்ப கொஞ்சம் கவனிக்கோணும்ங்க" என்று கேட்டிருக்கிறார். முதலாளி ரசத்தைப் பிசைந்துகொண்டே, "மொதல்ல மேல வாங்க, பாத்துக்கலாம்ங்க" என்றிருக்கிறார். இவ்வளவுதான் நடந்தது. அந்த வாக்கியம் சாயங்காலம் நாங்கள் கூடுகிற பேக்கரிக்கு வந்து சேர்வதற்குள் நன்றாகச் சதைபிடித்துவிட்டது. டீமுக்கு டிரஸ், பூட்ஸ், வருஷாவருஷம் செலவுப் பணம், கோல் கீப்பருக்குக் கம்பெனியில் வேலை, எல்லாம் அதில் சேர்ந்துகொண்டன.

"ஒரு நல்ல ஃபார்வர்டு இருந்தாப் போதும் தம்பி" என்றார் தலைவர், தேங்காய் பன்னைப் பிய்த்தபடி. "நம்ம ஊர்ல அந்த மாதிரி கால் இல்ல. வெளிய போய்த்தான் வாங்கோணும்."

"வாங்கறதுன்னா எப்படிங்ணா?"

"கேபிள்ல பாக்கறதில்லீங்களா? வெள்ளைக்காரன் ஒத்தை ஆளுக்கு அத்தனை கோடி குடுக்கறான். அவன் என்ன முட்டாளா?"

அப்படிக் கொடுத்த பல கிளப்புகள் கடனில் மூழ்கிப் பூட்டுப் போடும் நிலைக்கு வந்துவிட்டதாகப் பேப்பரில் படித்திருந்தேன். சொன்னேன்.

"அதெல்லாம் தோத்தவங்க கதை" என்றார் தலைவர். "நாம செயிக்கப்போறமில்ல?"

இந்த வாதத்துக்குப் பதில் சொல்லும் புத்தகம் எதையும் நான் அதுவரை படித்திருக்கவில்லை.

காந்திபுரத்தில் ஒரு மாடியில் இருந்த ஃபைனான்ஸுக்கு நாங்கள் இருவரும் போனோம். அங்கிருந்தவர் நெற்றியில் விபூதியோடு, தொட்டால் நோகும் என்கிற மாதிரி மென்மையாகப் பேசினார். "கிளப்புக்கெல்லாம் குடுக்கறதில்லீங்க. நாளைக்கு வந்து கேட்டா கிளப்புங்கறது யாருங்க? தம்பி லேத்து வெச்சிருக்கறதாச் சொன்னீங்க. அது நல்ல பொருளுங்க."

நான் இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி வேண்டாம் என்று சொல்லிவிடுவாள், பெண்டாட்டி பேச்சைத் தட்டாதவன் என்ற நல்ல பெயரோடு தப்பித்துவிடலாம் என்று நம்பியிருந்தேன். அவள் முறத்தில் துவரம்பருப்பைப் புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"தம்பிக்கு அந்தக் கம்பெனில வேலை நெசமாலுமே கெடைக்குமுங்களா?"

"மேல வந்தா கெடைக்கும்ங்கறாங்க."

"அப்பறம் என்னுங்க? வேலை இருந்தா நாளைக்குப் பொண்ணு கேட்டுப் போலாம். லேத்து எங்கீங்க போயிரப்போகுது? ரெண்டாளு சேந்தாக்கூட அதைத் தூக்க முடியாது."

லேத்தை ஈடாக எழுதிக் கொடுத்து வாங்கிய பணத்தோடு பொள்ளாச்சி சந்தைக்கு நானும் தலைவரும் வியாழக்கிழமை விடிகாலை பஸ்ஸில் போனோம். ஆட்டக்காரனை மாட்டுச்சந்தையில் வாங்குவது எங்கள் ஊர் வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். தலைவருக்கு இருபது வருஷமாகத் தெரிந்த ஒரு பாலக்காட்டு மாட்டு வியாபாரி அங்கே வாராவாரம் வருவார். கோடையில் அறுத்த வயல்களில் ஏழேழு பேராக ஆடுகிற 'செவன்ஸ்' பந்தயங்களில் அவருக்குச் சொந்த டீம் உண்டு. மழை இறங்கிவிட்டால் அங்கே ஆட்டம் கிடையாது. ஆட்டக்காரர்கள் சும்மா இருப்பார்கள். அவரிடம் ஒரு சென்டர் ஃபார்வர்டு இருப்பதாகத் தலைவர் விசாரித்து வைத்திருந்தார்.

அந்தப் பையன் ஒரு லாரியின் நிழலில் கடலை தின்றுகொண்டு நின்றான். இருபத்திரண்டு வயசிருக்கும். தலைவர் அவனை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து கெண்டைக்காலைப் பார்த்தார். முழங்காலைப் பார்த்தார். நாலடி நடக்கச் சொன்னார். பல்லைப் பார்க்காததுதான் பாக்கி.

"சுழி சுத்தமா இருக்குது" என்று மாட்டுக்குச் சொல்வதுபோலவே என் காதில் சொன்னார். வேடிக்கைக்குச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு அவரும் வியாபாரியும் கைகோத்துக்கொண்டார்கள். தலைவர் தோளில் கிடந்த துண்டு இரண்டு கைகளின் மேலும் விழுந்தது. அந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் விரலைப் பிடித்து, அழுத்தி, விட்டு, வேறு விரலைப் பிடித்து, அப்படித்தான் பேரம். ஒருவர் கிழக்கே பார்த்தார், ஒருவர் மேற்கே பார்த்தார். துண்டு மட்டும் உள்ளே பூனைக்குட்டி இருப்பதுபோல் அசைந்தது. பக்கத்தில் ஒரு காராம்பசு இதே மாதிரி இன்னொரு துண்டுக்குள் கைமாறிக்கொண்டிருந்தது.

துண்டு விலகியது. "ரெண்டு" என்றார் தலைவர் மெல்ல. ரெண்டாயிரம்.

நான் எழுதிக் கையெழுத்து வாங்க ஒரு தாள் கொண்டுபோயிருந்தேன். எடுக்கப்போனேன். தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மானத்த வாங்காதீங்க தம்பி. துண்ட எடுத்தப்பறம் பேச்சு வெச்சுக்கக் கூடாது." திரும்பி வரும்போது அந்தத் தாளைச் சுருட்டி அதில் கடலை வாங்கித் தின்றோம்.

லீக் விதிப்படி சீசன் நடுவில் ஒரே ஓர் ஆளை மாற்றிக்கொள்ளலாம். புதிய ஆளைச் சேர்க்க, இருக்கிற ஒருவர் பெயரை அடிக்க வேண்டும். இவ்வளவு நாளும் ஃபார்வர்டாக ஆடிய ஆட்டோ டிரைவரின் பெயரை அடித்தோம். அன்றிலிருந்து அவன் என் பட்டறைச் சந்து முனையைக் கடக்கும்போதெல்லாம் ஹார்னை நீளமாக அடித்துவிட்டுப் போனான்.

முதல் ஆட்டத்தில் பாலக்காட்டுப் பையன் இரண்டு கோல் போட்டான். எங்கள் ஆட்கள் பந்தை உதைப்பார்கள். அவன் அதனோடு சம்பந்தம் பேசுகிறவன்போலப் போனான். ஒரு மணிநேரம் ஆனதும் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டான். செவன்ஸ் ஆட்டம் ஒரு மணிநேரத்தோடு முடிந்துவிடுமாம். அதனால் என்ன, ஜெயித்துவிட்டோம். தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள்.

மைதானத்து வேப்பமரத்தடியில் வியாபாரி நின்றிருந்தார். சிரித்தபடி தலைவர் கையைப் பிடித்தார். தன் துண்டை எடுத்து மேலே போட்டார். தலைவர் முகம் மாறியது.

"என்னுங்ணா?"

"ரெண்டு விரலப் புடிக்கறான் தம்பி."

"அதான் பொள்ளாச்சிலயே குடுத்துட்டமே?"

வியாபாரி என்னைப் பார்த்துப் பொறுமையாகச் சொன்னார். "அது இந்தக் களிக்கு சாரே. அடுத்த களிக்கு அடுத்த ரெண்டு. ஞங்கள் நாட்டில் எப்பவும் களிக்குத்தான் காசு."

ஆட்டத்துக்கு ஆட்டம் பணம். அவர்கள் ஊர்ப் பந்தயத்தில் அதுதான் முறை. அவருக்கு வேறு முறை இருக்கும் என்பதே தெரியாது. எங்கள் தலைவர் தன் ஆயுளில் எதையும் ஒரு நாளைக்கு என்று வாங்கியதில்லை.

"மாட்டை ஒரு ஓட்டு ஓட்டறதுக்கா வாங்குவாங்க?" என்று கத்தினார். "புடிச்சுட்டு வந்தா நம்மளுதுதானுங்களே!"

"இது மாடல்லல்லோ" என்றார் வியாபாரி. குரலில் கோபமே இல்லை. உண்மையில் ஏமாற்றுக்காரனாக அவர் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது. துண்டுக்குள் இருவரும் ஒரே விரல்களைத்தான் பிடித்திருந்தார்கள். விலை என்னவென்று பேசினார்கள். எதற்கு விலை என்று பேசவில்லை. அதைக் கேட்டிருக்க வேண்டிய பொருளாளர் பக்கத்தில் நின்று காராம்பசுவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று ராத்திரி பேக்கரியில் நாங்கள் இருவரும் செய்த கணக்கு இப்படிப் போயிற்று. பையனை அனுப்பிவிட்டால் ஃபார்வர்டு கிடையாது, ஆட்டோ டிரைவரைத் திரும்பச் சேர்க்க விதி கிடையாது. ஃபார்வர்டு இல்லாவிட்டால் மேலே போக முடியாது. மேலே போகாவிட்டால் முதலாளி கிடையாது. முதலாளி இல்லாவிட்டால் லேத் கிடையாது. ஆகவே லேத்தைக் காப்பாற்ற, லேத்தை வைத்து வாங்கிய பணத்தை இன்னும் வேகமாகச் செலவழிக்க வேண்டும். நாங்கள் இதை மிகத் தெளிவாக, டீ குடித்துக்கொண்டே கண்டுபிடித்தோம். கேபிளில் பார்த்த வெள்ளைக்காரர்கள் கோட் சூட் போட்டுக்கொண்டு இதைத்தான் கண்டுபிடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்த ஆட்டத்துக்கு ஃபைனான்ஸ் பணத்தில் பாக்கி இருந்தது. அதுவும் ஜெயம். அதற்கடுத்த ஆட்டம் டிரா; பையனுக்குச் சளி. சளிக்கும் அதே ரெண்டு விரல்தான். அதற்குப் பட்டறையில் இருந்த ஷாஃப்ட் ராடுகளை எடைக்குப் போட்டேன். இப்போது கடைய எதுவும் இல்லை. ஃபைனான்ஸ்காரர் தவணைக்கு வந்து வாசலில் நின்று, "சும்மா இந்தப் பக்கம் வந்தனுங்க" என்றார். ஒவ்வொரு வாரமும் சும்மா வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு லேத்தை ஒருமுறை அன்பாகத் தடவிவிட்டுப் போவார். அவர் போனபின் நான் அந்த இடத்தைத் துணியால் துடைப்பேன்.

பையனின் நான்காவது ஆட்டத்துக்கு நாலு தாடை சக் போயிற்று. சக் என்றால் லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற பாகம். இரண்டு வைத்திருந்தேன். மீதி இருந்த மூணு தாடை சக்கைத் தினமும் எண்ணெய் போட்டு வைத்தேன், அதைத் தொடமாட்டேன் என்று எனக்கே சத்தியம் செய்துகொடுத்தேன். அந்த ஆட்டத்திலும் ஜெயித்தோம். அதனால் நிலைமை இன்னும் மோசமாயிற்று. கடைசி ஆட்டத்தில் யாரோடு மோத வேண்டுமோ அவர்களும் எங்களுக்குச் சமமாகப் புள்ளி வைத்திருந்தார்கள். கோல் கணக்கில் அவர்கள் கொஞ்சம் மேல். ஜெயித்தால் முதல் டிவிஷன். டிரா செய்தால் அவர்கள் மேலே போவார்கள், என் லேத் காந்திபுரம் போகும்.

தலைவர் தேங்காய் வியாபாரியிடம் முன்பணம் கேட்டுப் பார்த்தார், விலை விழுந்துவிட்டது. ஒரு கன்றுக்குட்டியை விற்கிறேன் என்றார், அது தாயிடம் இன்னும் பால் குடித்துக்கொண்டிருந்தது. ஆட்டத்தன்று காலையில் என் பட்டறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். நான் ஸ்பேனரை எடுத்தேன்.

சாக்குப்பையில் மூணு தாடை சக்கைப் போட்டு மொபெட்டின் காலடியில் வைத்துக்கொண்டு உக்கடத்தில் பழைய மெஷின் சாமான் வாங்குகிற கடைக்குப் போனேன். கடைக்காரர் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல சக்காச்சே. லேத்தக் குடுத்தாச்சுங்களா?" என்றார்.

"இல்லீங்க. லேத்து ஊட்டுல இருக்குது."

"சக் இல்லாம லேத்து எதுக்குங்க?"

"ஃபுட்பாலுக்குங்க" என்றேன்.

அவர் வேறெதுவும் கேட்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்தார். பைத்தியங்களிடம் எங்கள் ஊர்க்காரர்கள் ரொம்ப மரியாதையாக நடந்துகொள்வார்கள்.

மைதானத்து கேட்டுக்கு வெளியே பையனும் வியாபாரியும் நின்றிருந்தார்கள். வியாபாரி பணத்தை வாங்கி மடியில் கட்டியபின்தான் பையன் பூட்ஸ் கயிற்றைக் கட்டினான். எதிர் டீம் அவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தது. இரண்டு பேர் அவன் நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டார்கள். முதல் பாதியில் அவனிடம் பந்து வந்ததே நாலைந்து முறைதான். இரண்டாம் பாதியில் பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடினான். பிறகு இடுப்பில் கை.

நான் கோட்டுக்கு வெளியே நின்று அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் இடுப்பிலிருந்து அதை எடுக்க வேண்டும் என்று சென்னிமலை முருகனிலிருந்து ஆரம்பித்து எல்லாரையும் வேண்டினேன். பகுத்தறிவுப் புத்தகங்கள் அலமாரியில் நிறைய வைத்திருந்தவன். தலைவர் துண்டை வாயில் கடித்துக்கொண்டிருந்தார். என் மனைவி பெண்கள் யாரும் வராத அந்த மைதானத்துக்குச் சோற்றுப் போசியோடு வந்து, கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் தம்பிக்குத் துணையாக நின்றாள். "கண்ணு, பந்தப் பாரு! என்னையப் பாக்காத!" என்று அவள் கத்தியது எனக்கு இந்தப் பக்கம் கேட்டது.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் மச்சினன் பந்தை எட்டி உதைத்தான். நீளமாக வந்தது. பையனோடு ஒட்டியிருந்த இரண்டு பேரும் பழக்கதோஷத்தில் அவனோடு சேர்ந்து எம்பினார்கள். அவன் எம்பவே இல்லை, களைத்துப்போய் நின்றுகொண்டிருந்தான். அவர்களில் ஒருவன் தலையில் பந்து பட்டது. பின்னால் போனது. அவர்களுடைய கீப்பர் முன்னால் வந்திருந்தான். பந்து அவனைத் தாண்டி, ஒருமுறை குதித்து, அவசரமே இல்லாமல் கோலுக்குள் போயிற்று.

பையன் வந்தபின் காசு கொடுக்காமல் எங்களுக்குக் கிடைத்த ஒரே கோல் அது.

நான் அழுதேன். தலைவர் அழுதார். வியாபாரியும் எங்களைக் கட்டிக்கொண்டு அழுதார், நல்ல மனிதர். சாயங்காலம் சரவெடி வெடித்தோம். ஆட்டோ டிரைவர்கூட ஹார்ன் அடித்தான், இந்த முறை தாளத்தோடு.

மறுவாரம் எலுமிச்சம்பழம், சால்வையோடு தலைவரும் நானும் மச்சினனும் பம்பு கம்பெனிக்குப் போனோம். முதலாளி எழுந்து நின்று வரவேற்றார். காப்பி வந்தது. முறுக்கு வந்தது. "கடைசி ஆட்டத்த நானும் வந்து பாத்தனுங்க. ரொம்பச் சந்தோசம்" என்றார். நாங்கள் நெளிந்தோம். "உங்களுக்குத்தான் நன்றி சொல்லோணும். அந்தப் பாலக்காட்டுப் பையன எங்க கண்ணுல காட்டுனது நீங்கதானுங்களே. நம்ம கம்பெனி டீமுக்கு ஒரு ஃபார்வர்டு வேண்டியிருந்துது. பேக்கிங் செக்சன்ல போட்டுட்டனுங்க. மாசச் சம்பளம்."

தலைவர் காப்பி டம்ளரை மெதுவாக வைத்தார். "கிளப்புக்கு எதோ பாக்கறதாச் சொல்லியிருந்தீங்க..."

"பாக்கலாம்ங்க. அதுக்கென்னுங்க."

"கீப்பருக்கு ஒரு வேலை..." என்றேன் நான்.

முதலாளி மச்சினனை நிஜமான வருத்தத்தோடு பார்த்தார். "கீப்பர் எங்ககிட்ட இருக்காருங்களே தம்பி."

திரும்பி வரும்போது பஸ்ஸில் மூன்று பேரும் தனித்தனி சீட்டில் உட்கார்ந்தோம்.

ஃபைனான்ஸ்காரர் இந்த முறை சும்மா வரவில்லை. சக் இல்லாத லேத்தைப் பார்த்து அவர் கண்ணே கலங்கிவிட்டது. "இப்படிப் பண்ணிப்போட்டீங்களே" என்றார், என் குழந்தைக்கு அம்மை வந்ததுபோல. எடுத்துக்கொண்டு போனால்கூடக் கடன் முழுசாக அடையாது, மிச்சத்துக்கு ஒரு புரோநோட் போட்டுக்கொள்ளலாம் என்றார். "தப்பா நெனச்சுக்காதீங்க" என்றும் சொன்னார். சந்து முனையில் டெம்போ நின்றது. சுமைக்காரர்கள் சந்தின் குறுகலைப் பார்த்துவிட்டுக் கூலியை இரண்டு மடங்காகக் கேட்டார்கள். அந்தக் கூலியும் என் கணக்கில்தான் வரும் என்று ஃபைனான்ஸ்காரர் மென்மையாகத் தெரிவித்தார்.

மச்சினன் போய் டீமைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஃபவுண்டரி ஷிஃப்ட் முடிந்த கரியோடு பத்துப் பேர் வந்தார்கள். பதினோராவது ஆளாக ஆட்டோ டிரைவர் வந்து, தலைப்பக்கம் கனமான இடத்தில் தோள் கொடுத்தான். போல்ட்டைக் கழற்றினோம். ஒரு மூச்சில் தூக்கினார்கள். இரண்டு பேர் தூக்க முடியாததைப் பதினோரு பேர் தூக்கலாம் என்பதை என் மனைவி கதவோரம் நின்று பார்த்தாள். "மெதுவாங்க, பெட்டு அடிபட்டுறப் போகுது" என்று அவள் சொல்லிக்கொண்டே சந்து முனை வரைக்கும் போனாள், அது இன்னும் எங்களுடையது மாதிரி.

முதல் டிவிஷனில் சேர லீக்கில் முன்பணம் கட்ட வேண்டும் என்று ஒரு கடிதம் வந்தது. அதைப் பேச ஒரு இடம் வேண்டியிருந்தது. என் பட்டறைதான் இப்போது விசாலமாக இருந்ததே. நான்கு போல்ட் ஓட்டையும், நடுவில் வருஷக்கணக்கில் ஊறிய ஆயில் கறையும். அதைச் சுற்றிப் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தோம். மூலையில் என் டிரில்லிங் மெஷின் ஒன்று மட்டும் நின்றது.

தலைவர் தொண்டையைச் செருமினார். "மேல வந்தாச்சு. ஒரு வருசம் மட்டும் அங்க நின்னுட்டாப் போதும். டிஃபென்ஸ்தான் நமக்கு வீக்கு. திருச்சூர்ப் பக்கம் பேக் ஆடற பையன் ஒருத்தன் இருக்கானாம். இந்தத் தடவை தெளிவாப் பேசிப்போடலாம், முழு சீசனுக்கு."

யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் டிரில்லிங் மெஷினைப் பார்த்தார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் பார்த்தேன். என்ன விலை பெறும் என்று மனசு அதுபாட்டுக்குப் போட்டுப் பார்த்தது.

தலைவர் என் பக்கமாக நகர்ந்து வந்து கையை நீட்டினார். துண்டு அவர் தோளிலிருந்து நழுவத் தயாராக இருந்தது. என் கையும் பாதி தூரம் போய்விட்டது.

டீ டம்ளர்களை எடுக்க வந்த என் மனைவி, அந்தத் துண்டை அவர் தோளிலிருந்து உருவினாள். எங்கள் பக்கத்தில் அவர் வயசுக்காரர் துண்டைப் பெண்கள் தொடமாட்டார்கள். அவள் தரையில் குந்தி உட்கார்ந்து, லேத் இருந்த இடத்து ஆயில் கறையை அந்தத் துண்டால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். கறை போகவில்லை. துண்டு முழுசும் கறுத்துப்போகும் வரைக்கும் துடைத்தாள்.

பிறகு அதை நான்காக மடித்துத் தலைவர் கையில் கொடுத்து, "இன்னொரு டீ சாப்பிடறீங்களாங்ணா?" என்றாள்.